2009 சிட்னி புழுதிப் புயல்: அன்று படம் எடுத்தவர்கள் சொல்லுங்கள்

டூங்காபி, சிட்னி

2009 செப்டம்பர் 23, புதன்கிழமை. காலை ஐந்தரை இருக்கும். மனைவி என்னை உலுக்கி எழுப்பி, "பக்கத்துல எங்கேயோ தீப்பிடிச்சிருக்கு, எழுந்து பாருங்க" என்றாள். ஜன்னல் திரையின் ஓரமெல்லாம் சிவப்பு. ஆனால் கருகிய வாசனை இல்லை. கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது மண். மழைக்கு முன்னால் வருமே, அந்த மண்வாசனை கிடையாது, வறண்ட மண். நான் உடன்குடிக்காரன். ஆடிக்காற்றில் தேரிக்காட்டுச் செம்மண் கிளம்பும்போது இதே வாசனைதான் வரும். அந்த ஒரு நொடி எந்த ஊரில் நிற்கிறேன் என்றே குழம்பிவிட்டது.

நான் வேலைக்குப் போகும் ரயில் ஹார்பர் பாலத்தைத் தாண்டித்தான் போகும். கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினேன். பழைய நிக்கான் டி60, அதனுடன் வந்த 18-55 லென்ஸ், நண்பரிடம் இரவல் வாங்கியிருந்த 55-200. டூங்காபி பிளாட்பாரத்து டியூப்லைட்டுகள் நீலமாக எரிந்தன. யாரோ பல்பை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஏன் நீலம் என்று அப்போது தோன்றவில்லை.

வின்யார்டு தாண்டி ரயில் பாலத்தில் ஏறியதும் பெட்டியில் இருந்த எல்லோரும் வலது பக்கம் திரும்பினார்கள். ஓபரா ஹவுஸ் இல்லை. கீழே தண்ணீரும் இல்லை. பாலத்தின் இரும்புச் சட்டங்கள் மட்டும் ஒவ்வொன்றாக வந்து மறைந்தன. மில்சன்ஸ் பாயிண்டில் இறங்கிப் பாலத்தடிப் பூங்காவுக்கு நடந்தேன். படகுத்துறை காலி, படகுகளை நிறுத்திவிட்டார்கள். கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஒருவர் ஜாகிங் போனார். (ஆஸ்திரேலியர்கள் உலகம் அழிகிற அன்றைக்கும் ஓடுவார்கள்.)

முதல் படத்தை எடுத்துத் திரையில் பார்த்தால் ஏமாற்றம். கண்ணுக்கு முன்னால் இருந்தது, பனம்பழத்தை உரித்தால் உள்ளே இருக்குமே, அந்த நிறம். கேமராவில் வந்திருந்தது பாலை அதிகம் ஊற்றிய டீ. வெளிச்சத்துக்குத் தக்கபடி நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தது. கேமரா அந்தச் சிவப்பை ஏதோ விளக்கின் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, கடமை உணர்ச்சியோடு சரிசெய்து வைத்திருந்தது. சூரியன் படம் போட்ட 'வெயில்' அமைப்புக்கு மாற்றிய பிறகுதான் நிறம் வந்தது. அதற்குள் நாற்பது படம் போய்விட்டது. 2 ஜிபி கார்டு, இடம் போதாது என்று ரா (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் பெரிய கோப்பு) எடுக்கவில்லை, எல்லாம் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக். பின்னால் திருத்திப் பார்த்தேன், வண்ணத்தை இழுத்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக உடைந்தது.

ஃபோகஸும் சண்டித்தனம் செய்தது. பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு வேண்டுமே! லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி ஓடிக் களைத்தது. கடைசியில் விளக்குக் கம்பத்தில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு அப்படியே திருப்பி எடுத்தேன். இன்னொன்று: கேமராத் திரையில் வரும் வெளிச்ச வரைபடம் (ஹிஸ்டோகிராம்) நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். மொத்த வரைபடம் ஒழுங்காகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் தனியாக அளவு மீறி விவரமே இல்லாமல் போயிருக்கும். மூன்று நிறத்தையும் பிரித்துக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள்.

அன்று செய்த பெரிய முட்டாள்தனம் லென்ஸை மாற்றியது. அதுவும் திறந்தவெளியில், புழுதிப் புயலுக்கு நடுவில்! இரண்டு நொடிதானே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு வானத்திலும் இடது மூலையில் ஒரு கரும்புள்ளி. மைத்துனர் கல்யாணப் படங்களில்கூட அது இருக்கிறது. பறவை என்று சமாளித்திருக்கிறேன்.

இப்போது நான் கேட்க வந்த விஷயம். ஏழேகால் மணி வாக்கில் நிமிர்ந்து பார்த்தேன், ஊர் ஏறக்குறைய சாதாரணமாகத் தெரிந்தது. புழுதி குறைந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் வாங்க ஒரு கடைக்குள் போனேன். உள்ளே எல்லாம் நீலம், கடைக்காரரின் வெள்ளைச் சட்டைகூட. ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்தால் பளாரென்று மறுபடியும் ஆரஞ்சு! புழுதி குறையவே இல்லை, என் கண்தான் பழகிப்போயிருந்தது. அதாவது கேமராவை நான் எதற்காகத் திட்டினேனோ, அதே வேலையை என் கண்ணும் செய்திருக்கிறது, கொஞ்சம் நிதானமாக.

அப்படியானால் எந்தப் படம் உண்மை? உங்கள் படங்களில் நிறத்தை எப்படி முடிவு செய்தீர்கள்?


வென்ட்வொர்த்வில், சிட்னி

எங்கள் வீட்டில் கமரா இருந்தது, ஆனால் நான் படம் எடுக்கவில்லை. மகனுக்கு அப்போது ஆறு வயது, தொய்வு (ஆஸ்துமா) இருந்தது. கதவு இடுக்குகளில் எல்லாம் ஈரத் துவாய் வைத்து அடைத்துவிட்டு, மருந்து பம்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே இருந்தேன். நடுவில் புகை அலாரம் வேறு அடித்தது. புகை ஒன்றும் இல்லை, புழுதிக்குத்தான். ஊரெங்கும் அலாரங்கள் அப்படி அடித்து, தீயணைப்பு வண்டிகள் வீணாக ஓடின என்று பிறகு ரேடியோவில் சொன்னார்கள். சாதாரண நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் 20 மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கும் தூசி அன்று 15,000-ஐத் தாண்டியதாம். காட்டுத்தீ நேரத்திலேயே 500 அளவில்தான் இருக்கும். நீங்கள் அதற்குள் இரண்டு மணித்தியாலம் நின்றிருக்கிறீர்கள் அண்ணா, மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல்!

பின்னேரம் காற்று தெளிந்த பிறகு வெளியே வந்து ஒரே ஒரு படம் எடுத்தேன். கார் பொனட்டில் மகன் விரலால் எழுதிய 'அ'. அப்போதுதான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தான், சுழி பிழையான பக்கம். அடுத்த நாள் எல்லோரும் கார் கழுவ வரிசையில் நின்றார்கள். நாங்கள் மூன்று நாள் கழுவவில்லை.

நிறத்தைப் பற்றிக் கேட்டீர்கள். விறாந்தையில் கூட்டிய மண்ணை ஒரு ஜாம் போத்தலில் போட்டு வைத்தேன், இன்றைக்கும் இருக்கிறது. சிவப்பாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் வறுத்து இடித்த கறித்தூள் மாதிரி, மண்ணிறம். வானத்தில் அவ்வளவு சிவப்பு எங்கிருந்து வந்தது?


புரோக்கன் ஹில்

உங்கள் எல்லோருக்கும் முன்னால் எங்களுக்கு வந்தது, 22-ஆம் தேதி பிற்பகல். சிட்னியிலிருந்து மேற்கே 1,100 கிலோமீட்டருக்கும் அதிகம். அப்போது இங்கே வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. புழுதி இங்கே புதிதல்ல, பல வருட வறட்சி வேறு. அதனால் மேற்கே அடிவானத்தில் பழுப்புச் சுவர் எழும்பியபோது உள்ளூர்க்காரர்கள் துணியை எடுக்கக் கொடிக்குப் போனார்கள், நான் செல்போனை எடுத்தேன்.

மொத்தம் மூன்று படங்கள். முதலாவதில் எதிர்வீட்டுத் தகரக் கூரையும் அதற்குப் பின்னால் சுவரும். இரண்டாவதில் எல்லாம் ரத்தச் சிவப்பு. மூன்றாவது முழுக்கக் கறுப்பு. செல்போன் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கையை முகத்துக்கு நேரே நீட்டினேன். கை தெரியவில்லை. பிற்பகலில், வீட்டு வாசலில்.

சிட்னிக்காரர்கள் மறுநாள் விதவிதமான ஆரஞ்சில் படம் போட்டார்கள். பார்க்கப் பொறாமையாகத்தான் இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது கறுப்பு. அந்த மூன்றாவது படத்தை நான் அழிக்கவில்லை. யாருக்குக் காட்டினாலும் "லென்ஸை விரலால் மூடிட்டியா?" என்பார்கள்.


டூங்காபி, சிட்னி

வென்ட்வொர்த்வில் தங்கச்சிக்கு: திட்டு சரிதான். அடுத்த இரண்டு நாள் சளியில்கூட மண் வந்தது. மகனை நினைத்துப் பதறியிருப்பீர்கள், எனக்கு அன்று அந்த யோசனையே வரவில்லை.

உங்கள் போத்தல் கேள்விக்கு எனக்குத் தெரிந்தது. இந்த மண் உள்நாட்டில் வறண்டு கிடக்கும் அயர் ஏரிப் படுகையிலிருந்தும் நம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலிருந்தும் கிளம்பியது. துகள்களின் மேலே இரும்பு ஆக்சைடு, சுருக்கமாகத் துரு. எங்கள் தேரி மணலுக்குச் சிவப்பு தருவதும் அதுவேதான். துரு நீல ஒளியை விழுங்கிவிடும். ஒரு பிடி மண்ணில் அது மண்ணிறமாகத்தான் தெரியும். ஆனால் அன்று வெளிச்சம் பல கிலோமீட்டர் மண்ணுக்குள் நுழைந்து வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு துகளும் கொஞ்சம் கொஞ்சமாக நீலத்தைத் தின்றதில், வந்து சேரும்போது சிவப்பு மட்டுமே மிச்சம். அதோடு சூரியனும் அப்போதுதான் அடிவானத்தில். என் படங்களைப் பிரித்துப் பார்த்தால் நீலப் பகுதி கிட்டத்தட்ட காலியாக இருக்கிறது. ஆட்டோ அமைப்பு இல்லாத நீலத்தை எங்கிருந்து கொண்டுவரும்? அதனால்தான் புள்ளி புள்ளியாக உடைந்தது.

புரோக்கன் ஹில் நண்பரே, அந்தக் கறுப்புப் படத்தைத் தயவுசெய்து போடுங்கள்.


பிரிஸ்பேன்

எங்களுக்கு அதே புதன்கிழமை மதியவாக்கில் வந்தது. காலையிலேயே இணையத்தில் சிட்னிப் படங்களைப் பார்த்திருந்தேன். பாதிப் பேர் "ஃபோட்டோஷாப்" என்று எழுதியிருந்தார்கள், நானும் நம்பவில்லை. அப்புறம் நாசா செயற்கைக்கோள் படம் வந்தது. கடற்கரையை ஒட்டி 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமாக ஒரு பழுப்புப் பட்டை! அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு கேமராவை எடுத்துக்கொண்டு கங்காரு பாயிண்ட் பாறைமுகட்டுக்கு ஓடினேன்.

நான் எதிர்பார்த்துப் போனது சிட்னியின் சிவப்பு. கிடைத்தது அழுக்கு மஞ்சள். சூரியன் உச்சியில் வெள்ளைக் காசு மாதிரி, வெறும் கண்ணால் பார்க்கும்படி இருந்தது. ஸ்டோரி பாலம் பென்சிலால் வரைந்து பாதி அழித்தது போல. நேரம் மாறினால் நிறம் மாறும் என்று இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, வீட்டுக்கு வந்து கணினியில் சிவப்பை ஏற்றினேன். அந்தப் படத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். பிரிஸ்பேனும் சிட்னி மாதிரியே சிவந்தது என்று என் நண்பர்கள் பலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அது என் வேலை. மஞ்சள் மூலப்படம் பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்க வேண்டும். தேடுகிறேன்.


மெல்பர்ன்

நான் கொஞ்சம் பழைய ஆள். 1983 பிப்ரவரி 8 மெல்பர்ன் புழுதிப் புயலில் நகர மையத்தில் மாணவனாக நின்றேன். வெயில் 43 டிகிரியைத் தாண்டிய நாள். மதியம் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், 300 மீட்டர் உயரத்தில் ஒரு செம்பழுப்புச் சுவர் கட்டடங்களுக்குப் பின்னால் எழுந்து அப்படியே ஊர்மேல் விழுந்தது. தெருவிளக்குகள் எரிந்தன. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் 16-ஆம் தேதி சாம்பல் புதன் காட்டுத்தீ வந்ததால் இதைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போயிற்று.

கையில் 24 படம் எடுக்கும் ஃபிலிம் ரோல், அதில் ஏழு மிச்சம். ஏழையும் தட்டினேன். ஒரு வாரம் கழித்து ஸ்டுடியோவில் பிரிண்ட் வாங்கப் போனால் ஏழிலும் சாம்பல் நிறத்தில் ஏதோ மேகமூட்டம். கடைப் பையன் பெருமையாகச் சொன்னான்: "உங்கள் ஃபிலிமில் நிறம் கெட்டுப் போயிருந்தது சார், சரிபண்ணிப் பிரிண்ட் போட்டிருக்கேன்." நம் ஊர்ப் பையன் இல்லை, ஆனால் தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும். காசு வாங்காமல் இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம், காசும் வாங்கிக்கொண்டான்.

நெகட்டிவ் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. பேத்தி போன வாரம் ஸ்கேனர் வாங்கியிருக்கிறாள். ஆட்டோவை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.