ஆள் மாறி நடந்த திருமணம் செல்லுமா?

கேள்வி (கதைப்பித்தன்):
1812-ஆம் ஆண்டு இங்கிலாந்தைக் களமாகக் கொண்டு ஒரு காதல் நாவல் எழுதிவருகிறேன். பெற்றோர் நிச்சயித்த மணமகளுக்குப் பதிலாக அவளுடைய தங்கை முகத்திரையுடன் தேவாலயத்தில் வந்து நிற்கிறாள். மோதிரம் அணிவித்த பிறகே மணமகன் உண்மையை அறிகிறான். அக்காலச் சட்டப்படி இத்திருமணம் செல்லுமா? செல்லாதென்றால் கதையின் பிற்பாதி முழுவதும் ஆட்டம் கண்டுவிடும்.

மறுமொழி (நூலகவாசி):
செல்லாது என்றே கொள்ளுங்கள். 1753-இல் இயற்றப்பட்ட ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டப்படி, ஒன்று உரிமம் பெற வேண்டும். இல்லையேல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் மணமக்களின் பெயர்களை அறிவிக்க வேண்டும். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் ஓலை வாசித்தல் என்பது இதைத்தான். அக்காளுக்கு வாசித்த ஓலை தங்கைக்கு உதவாது. பதிவேட்டில் மணமக்களும் குருவும் இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும் என்பதால், அவள் எந்தப் பெயரை எழுதுவாள் என்பதே முதல் சிக்கல். மேலும், இன்னார் என்று நம்பி வேறொருவரை மணந்தால் அங்கே சம்மதமே இல்லை என்பது திருச்சபைச் சட்டத்தின் பழைய நிலைப்பாடு; செல்வச் சீமாட்டி என்று நம்பி ஏழையை மணந்தவனுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. முகத்தை மூடும் திரையும் விக்டோரியா காலத்தில்தான் பரவலாயிற்று.

மறுமொழி (பழைய ஏடு):
குழப்பத்தைத் திருமணத்திற்கு முன்பே நிகழ்த்திவிடுங்களேன். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி, ஹோல்பைன் தீட்டிய ஓவியத்தையும் தூதர்களின் புகழுரையையும் நம்பிக் கிளீவ்ஸ் நாட்டு ஆன் என்னும் பெண்ணை நிச்சயித்தார். 1540 புத்தாண்டு நாளில் ராசெஸ்டருக்கு மாறுவேடத்தில் சென்று திடீரென அவள் முன் நின்றபோது, ஆங்கிலம் அறியாத அப்பெண் அவரை யாரோ என்று எண்ணிச் சாளரத்திற்கு வெளியே காளையின் மேல் நாய்களை ஏவி நடந்த வேடிக்கையிலேயே கவனமாக இருந்தாள். அரசருக்கு அது பெருத்த அவமானம். ஆயினும் ஜனவரி 6-இல் மணந்தார். ஜூலையில் அத்திருமணம் செல்லாதென அறிவிக்கப்பட்டது. ஏமாந்தவர் அவர் மட்டுந்தானா என்று எவரும் கேட்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

மறுமொழி (மாலைநேர வாசகி):
செல்லாமல் போவதைக் குறையாகக் கருதாதீர்கள். விவிலியக் கதையில், தங்கை ராகேலுக்குப் பதிலாக மணமுடித்து வைக்கப்பட்ட லேயாளின் முகத்தை விடிந்த பிறகே கண்ட யாக்கோபு, அவளை மனைவியாகவே வைத்துக்கொண்டு, ராகேலுக்காக மேலும் ஏழாண்டுகள் உழைக்க நேர்ந்தது. உங்கள் நாயகனுக்கோ விலகிப்போக முழு உரிமை இருக்கிறது. அப்படியிருந்தும் அவன் தங்கையின் சொந்தப் பெயருக்கு ஓலை வாசிக்கச் சொன்னால், அதைவிடச் சிறந்த காதல் காட்சி வேறில்லை.

கதைப்பித்தன்:
மிக்க நன்றி. முகத்திரையை நீக்கிவிட்டேன், பதிவேட்டின் முன் அவள் இறகுப் பேனாவுடன் தயங்கி நிற்கும் இடத்திலிருந்து மீண்டும் எழுதுகிறேன்.