முதல் எயார் ரைபிள் எதை வாங்குவது? எங்கள் பக்கத்து அனுபவங்கள்

அக்கரைப்பற்றிலிருந்து:

எயார் ரைபிள், அதாவது காற்றழுத்தத்தால் குண்டைத் தள்ளும் துவக்கு, வாங்க நினைக்கும் பொடியன்மார் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, இது எவ்வளவு வேகம் போகும்?" என்றுதான். தயவுசெய்து வேகத்தைப் பார்த்துத் துவக்கு தெரிவு செய்யாதீர்கள். பெட்டியில் செக்கனுக்கு 1,000 அடி, 1,200 அடி என்று அச்சடித்திருப்பார்கள். அது மிக இலேசான குண்டைப் போட்டு எடுத்த கணக்கு. நாம் பாவிக்கும் ஈயக்குண்டுக்கு அந்த வேகம் வராது, வந்தாலும் நல்லதில்லை. ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 1,100 அடி. அதை நெருங்கும்போது குண்டு காற்றில் தளும்பி, குறியை விட்டு விலகும். ஒலிம்பிக் 10 மீற்றர் போட்டி ரைபிள்களின் சக்தி பெரும்பாலும் 7.5 ஜூல் அளவுதான். டோக்கியோவில் எங்கள் நாட்டுத் தெஹானி எகொடவெல கலந்துகொண்டதும் அந்தப் போட்டியில்தான். அங்கே குறியின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் இடம் வெறும் அரை மில்லிமீற்றர் அகலப் புள்ளி!

சரி, அப்போ எது? குழலை மடித்து ஸ்பிரிங் ஏற்றும் வகை, குண்டின் விட்டம் 4.5 மில்லிமீற்றர், சக்தி குறைந்தது. ஜேர்மனியின் வைராவ் எச்.டபிள்யூ 30 இதற்கு நல்ல உதாரணம். களைக்காமல் ஒரு பின்னேரம் முழுக்கச் சுடலாம். முன்கூட்டியே காற்றை அடைத்து வைத்துச் சுடும் பிசிபி வகை உதைக்காது, அழகாகச் சுடும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு 200 பார் அளவு அழுத்தத்தில் காற்று அடிக்க வேண்டும். சைக்கிள் பம்பியால் நடக்கிற வேலை இல்லை. தனிப் பம்பி, சீல், அது இது என்று சல்லி போய்க்கொண்டே இருக்கும். முதல் துவக்குக்கு அந்தத் தலையிடி வேண்டாம்.

மருமகனோடு, ஒருவர் பாவித்த துவக்கு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வெளியே பளபளப்பாக இருந்தது. குழலைக் கொஞ்சம் மடித்து, இடமும் வலமும் அசைத்துப் பார்த்தோம். பிணைப்பில் ஆட்டம் இருந்தது. குழலின் பின்வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமும் வெடித்துப் போயிருந்தது. வளையத்தை மாற்றிவிடலாம். பிணைப்பு ஆடினால் என்னதான் நிதானமாகச் சுட்டாலும் குண்டுகள் ஓரிடத்தில் விழாது. வேண்டாம் என்று வந்துவிட்டோம். பாவித்ததை வாங்குகிறவர்கள் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள். அப்புறம் ஒன்று: குண்டு வைக்கும்போது மற்றக் கை குழலை விடவே கூடாது. ஸ்பிரிங் தவறி விடுபட்டால் விரல் போய்விடும். குண்டு போடாமல் வெறுமனே சுடுவதும் கூடாது, உள்ளே காற்றைத் தள்ளும் பிஸ்டன் போய் நேராக முட்டி உடைத்துவிடும்.

புதியதாக ஒன்று வாங்கிக் கொடுத்த பிறகும் மருமகன், "மாமா, இது பிழையான சாமான்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான். மட்டையில் ஓட்டைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. பிழை துவக்கில் இல்லை, பிடியில். ஸ்பிரிங் துவக்கு முதலில் பின்னுக்கு உதைக்கும், பிஸ்டன் முட்டியதும் முன்னுக்கு இழுக்கும். இந்தக் குலுக்கல் தொடங்கிய பிறகுதான் குண்டு குழலை விட்டு வெளியேறுகிறது. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரித் துள்ளும். இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் துவக்கைச் சும்மா கிடக்க விடச் சொன்னேன். தோளிலும் அமத்த வேண்டாம், பட்டால் போதும். அதே துவக்கு, அதே குண்டு, அதே பத்து மீற்றர். ஓட்டைகள் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குள் வந்து சேர்ந்தன. தட்டைத் தலைக் குண்டு என்றபடியால் ஒவ்வொன்றும் வெட்டி எடுத்த மாதிரி வட்டமாக விழுந்திருந்தது. அவன் அந்த மட்டையை இன்னும் எறியவில்லை.

குறிக்குப் பின்னால் மணல் நிரப்பிய மா பைகளை அடுக்குங்கள். கிடுகு வேலியை நம்பவே வேண்டாம். தவறிய குண்டு சில நூறு மீற்றர் போகும், அடுத்த வளவில் பிள்ளைகள் விளையாடுவார்கள்.

சட்ட விஷயம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. சல்லி கொடுக்கு முன் பொலிசிலும் பிரதேச செயலகத்திலும் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள், விற்பவரின் வாய்ப்பேச்சில் நிற்காதீர்கள். கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை போட்ட இராணுவத் தோற்றத்து மொடலும் எடுக்காதீர்கள். யுத்தம் எங்களைக் கடந்து போன விதம் எல்லாருக்கும் தெரியும். துவக்கைத் தூரத்தில் கண்டாலே நெஞ்சு பதறும் அம்மாமார் எங்கள் ஒழுங்கைகளில் இன்னும் இருக்கிறார்கள். மரக்கட்டை போட்டதை எடுங்கள், கொண்டு போகும்போது உறையில் போட்டுக் கொண்டு போங்கள்.

சம்மாந்துறையிலிருந்து:

அண்ணன் சொன்னது இலக்குச் சுடுதலுக்குச் சரி. நான் வயல்காரன், வேட்டைப் பக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் நெல் மூட்டை அடுக்கிய அறையில் எலித் தொல்லை. நஞ்சு வைத்தால் செத்த எலியைப் பூனை தின்று, அதுவும் போய்விடும். அதனால் 5.5 மில்லிமீற்றர் துவக்கை எடுத்தேன். அந்தக் குண்டு 4.5ஐ விடப் பாரம், உருண்டைத் தலைக் குண்டாகப் போட்டால் எலி துடிக்காமல் விழும். இரவில் சிவப்பு வெளிச்சம் பிடித்தால் எலி அவ்வளவாக மிரளாது. மூட்டை விளிம்பில் வந்து நின்று, முன்னங்காலால் மீசையைத் துடைக்கும். அந்த நேரம் தலைக்கு மட்டும்தான் சுடுவேன். தலை தெளிவாகத் தெரியாவிட்டால் விட்டுவிடுவேன்.

எலிக்கு மேலே போகாதீர்கள் தம்பிமார். குரங்குக்கு, பன்றிக்கு என்று வாங்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எயார் ரைபிளால் பன்றி சாகாது, காயத்தோடு வெறிகொண்டு திரும்பும். பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு குரங்கு தொடையில் குண்டோடு வந்தது. புண்ணில் புழு. குட்டி வேறு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. மயில் நெல்லைத் தின்கிறது என்று கோபம் வரும், எனக்கும் வரும். ஆனால் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, மயிலில் கை வைக்காதீர்கள். வைத்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டி வரலாம்.

செங்கலடியிலிருந்து:

அண்ணே, வீட்டில் பழைய தொலைநோக்கிக் குறி ஒன்று இருக்கிறது. வெடிமருந்தில் சுடும் பெரிய துவக்குக்குச் செய்தது. அதைப் பூட்டலாமா?

அக்கரைப்பற்றிலிருந்து:

பூட்டாதீர்கள் தம்பி. பெரிய துவக்கு பின்னுக்கு மட்டும்தான் உதைக்கும், அந்தக் குறிகளை அதைத் தாங்கத்தான் செய்கிறார்கள். ஸ்பிரிங் துவக்கு முன்னுக்கும் இழுப்பதால் உள்ளே கண்ணாடி கழன்றுவிடும். எயார் ரைபிளுக்கென்றே செய்தது வேண்டும். அதைவிட, ஒரு போகம் முழுக்கத் துவக்கிலேயே இருக்கும் இரும்புக் குறியோடேயே சுடுங்கள். செங்கலடியில் வாவிக் காற்று, துருப் பிடிக்கும். சுட்டு முடித்ததும் எண்ணெய் தொட்ட துணியால் குழலை வெளியே துடைத்து வையுங்கள். காற்று வரும் துளைக்குள் மட்டும் எண்ணெய் விடாதீர்கள், அழுத்தத்தில் பற்றி உள்ளே வெடிக்கும்.