மறு: ஏதீயிசம் (atheism) – தமிழில் ‘இறைமறுப்பு’ என்ற ஒரே சொல் போதுமா?

> நாத்திகம் வடசொல், வேண்டாம். ‘இறைமறுப்பு’ என்றே முடித்துவிடலாம், எல்லோருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா.

நாத்திகம் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான், காரணம் மட்டும் வேறு. வடமொழித் தத்துவ மரபில் அது பெரும்பாலும் வேதத்தை ஏற்காதவரைக் குறிக்கும் சொல். அதனால்தான் படைப்புக் கடவுளைக் கொள்ளாவிட்டாலும் வேதத்தை ஏற்கும் மீமாம்சை என்ற தத்துவப் பிரிவு ஆத்திகமாகவும், சமணமும் பௌத்தமும் நாத்திகமாகவும் எண்ணப்பட்டன. பாடநூலில் இதைப் போட்டால் மாணவர்கள் முதல் பக்கத்திலேயே தடுமாறுவார்கள்.

இறைமறுப்புதான் எனக்குப் பெரிய சிக்கல். நான் மொழிபெயர்த்துவரும் பாடத்தில் ஒரு கேள்வி: ‘இறைமறுப்பு தன்முரண் இல்லாத நிலைப்பாடா?’ எதைக் கேட்கிறார்கள்? கடவுள் இல்லை என்று சொல்வதையா, உண்டு என்பதை ஏற்காமல் இருப்பதையா? ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஆண்டனி ஃப்ளூ 1976இல் வெளியிட்ட நூலில் இரண்டையும் பிரித்துக் காட்டினார். உண்டு என்பவரே காரணம் காட்ட வேண்டும், அதுவரை ஏற்காமல் இருப்பதே தொடக்கநிலை என்பது அவர் வாதம்.

நம் பேச்சுவழக்கு இந்தப் பிரிவை மூடிவிடுகிறது. நேற்று வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்த மகள் ‘இல்லை’ என்றாள். அதற்கு முன்பே, கூடத்தில் உட்கார்ந்தபடி, ‘இருக்கும்னு தோணல’ என்று நான் சொல்லியிருந்தேன். நான் டப்பாவைத் தொடவே இல்லை. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் இரண்டும் ஒரே சேதியாகத்தான் கேட்டது. கடவுள் பற்றிய வாதத்திலும் இதேதான் நடக்கிறது. ஏற்காதவரைப் பிடித்து, ‘அண்டம் முழுக்கத் தேடிப் பார்த்தாயா?’ என்று கேட்கிறோம். அவர் அப்படி எதையும் சொல்லவே இல்லையே!

சரி, ‘இல்லை’ என்று சொல்பவராவது அண்டம் முழுக்கத் தேட வேண்டுமா? 2ஐவிடப் பெரிய இரட்டைப்படைப் பகா எண் இல்லை என்கிறோம். எல்லா எண்களையும் எண்ணிப் பார்த்தா சொல்கிறோம்? ஆகவே இன்மையைக் கூறுவதாலேயே ஒரு கொள்கை முரணாகிவிடாது. அது எந்தக் கடவுளைப் பற்றிப் பேசுகிறது, என்ன காரணம் தருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். எல்லாம் வல்லவரும் முழு நல்லவருமான கடவுள் என்றால் உலகத்தின் துன்பத்தைக் காட்டி வாதிடலாம். உலகைப் படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட கடவுளிடம் அந்த வாதம் எடுபடாது.

வெறும் ஏற்காமையோ தொட்டில் குழந்தைக்கும் உண்டு. அது ஒரு மனநிலை, கொள்கை இல்லை. எனவே பாடத்தின் கேள்வி, கடவுள் இல்லை என்று சொல்வதற்கே பொருந்தும். ஆங்கிலேய உயிரியலாளர் டி. எச். ஹக்ஸ்லி 1869இல் உருவாக்கிய அக்னாஸ்டிக் (agnostic) என்ற சொல், கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியுமா என்பதைப் பற்றியது. அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

என் முன்மொழிவு: கடவுள் இல்லை என்ற கூற்றுக்கு ‘கடவுளின்மைக் கொள்கை’, ஏற்காமல் இருக்கும் மனநிலைக்கு ‘கடவுளேற்பின்மை’. இரண்டாவதில் ‘கொள்கை’ என்பதை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ‘இறையின்மை’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். இறைக்கு வரி என்ற பொருளும் உண்டு. கல்வெட்டுகளில் வரும் இறையிலி நிலம், அதாவது வரியில்லா நிலம்தான் உடனே நினைவுக்கு வந்தது. ‘கடவுள் மறுப்பு’ பொதுவெளியில் வாதாடி மறுக்கும் செயலுக்கு, பெரியார் இயக்கம் வழங்கும் பொருளிலேயே இருக்கட்டும்.

‘கடவுளேற்பின்மை’ நாவில் எளிதாகப் புரளவில்லை. ‘ஏற்பின்மை’ என்று மட்டும் சுருக்கினால் வகுப்பில் பொருள் நிற்குமா? பாடம் நடத்துபவர்கள் சொல்லுங்கள்.