நாலு சதவீத வட்டியும் ஐந்து பெண்களும்

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைக் கல்லூரியில் பாடமாகப் படித்தபோது, எனக்கு அது எலிசபெத்–டார்சி காதல் கதை மட்டும்தான். எலிசபெத்தின் அம்மா மிசஸ் பென்னட் வாயைத் திறந்தாலே வகுப்பே சிரிக்கும். எந்நேரமும் பெண்களின் கல்யாணத்தைப் பற்றியே புலம்புகிற அம்மா. தேர்வில் அவரை அற்பமான பெண்மணி என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

இருபது வருடம் வங்கியில், பெரும்பாலும் டெபாசிட் பிரிவில், வேலை பார்த்த பிறகு போன வருடம் மறுபடியும் கையில் எடுத்தேன். தூரத்து உறவினரான காலின்ஸ் எலிசபெத்திடம் கல்யாணம் பேசும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். உனக்கு வரப்போவது நாலு சதவீதத்தில் கிடக்கும் ஆயிரம் பவுண்டுதான், அதுவும் உன் அம்மா காலத்துக்குப் பிறகுதான் என்கிறார் அவர். முதல் வாசிப்பில் இந்த வரி கண்ணிலேயே படவில்லை. இந்த முறை மனம் தானாகக் கணக்குப் போட்டது: வருடத்துக்கு 40 பவுண்டு.

அப்புறம் பென்சிலோடு உட்கார்ந்தேன். எலிசபெத்தின் அப்பா மிஸ்டர் பென்னட்டின் நிலத்திலிருந்து வருடத்துக்கு 2,000 பவுண்டு வருகிறது. ஆனால் அது ஆண் வாரிசுக்கே போகும்படி எழுதிவைத்த சொத்து. அவர் கண்ணை மூடினால் நிலமும் வீடும் காலின்ஸுக்கு. மனைவிக்கும் பெண்களுக்கும் சேர்த்து மிஞ்சுவது 5,000 பவுண்டு. நாலு சதவீதத்தில் வருடத்துக்கு 200. இரண்டாயிரத்தில் வாழ்ந்து பழகியவர்கள், வீடும் இல்லாமல், அதில் பத்தில் ஒரு பங்கில் காலம் தள்ள வேண்டும்.

'ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டி' என்று எங்கள் ஆச்சி சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பென்னட் குடும்பத்தின் லாங்பர்ன் வீட்டிலும் அதே ஐந்து பெண்கள். அங்கே அரசன் கடைசிவரை தன் நூலக அறையில் நிம்மதியாகப் படித்துக்கொண்டிருக்கிறார். ஆண்டியாகப் போவது பெண்கள். மகன் பிறப்பான், அவனுக்கு வயது வந்ததும் அந்த வாரிசுக் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம் என்று நம்பி அவர் எதையும் சேர்த்துவைக்கவில்லை. இதை ஆஸ்டின் வெகு தாமதமாக, கடைசிப் பெண் லிடியா ஓடிப்போன பிறகுதான் விளக்கமாகச் சொல்கிறார். கணவர் எங்கே என்ன போட்டுவைத்தார் என்று தெரியாமல் என் கவுண்டருக்கு முன்னால் பாஸ்புக்கைப் புரட்டிக்கொண்டு நின்ற பெண்கள் நினைவுக்கு வந்தார்கள்.

மிசஸ் பென்னட்டுக்குச் சிக்கனம் தெரியாது, அந்தச் சொத்துச் சட்டமும் புரியவில்லை. சரி. ஆனால் பயப்பட வேண்டியதற்குப் பயந்தவர் அந்த வீட்டில் அவர்தான். இனி அவரைப் பார்த்து என்னால் சிரிக்க முடியாது.

இன்னொன்று. டார்சிக்கு இருப்பதாக ஊர் பேசும் பத்தாயிரம் பவுண்டு என்பது சொத்தின் மதிப்பு இல்லை, வருட வருமானம். அதே வட்டியில் அவ்வளவு வர இரண்டரை லட்சம் பவுண்டு முதல் வேண்டும். நடன மண்டபத்துக்குள் அவர் நுழைந்து ஐந்து நிமிடத்தில் அந்தத் தொகை ஊர் முழுக்கப் பரவிவிடுகிறது.

நீங்கள் எப்படி வாசித்தீர்கள்?

* * *

அக்கா, என் அம்மா நாலு வீடுகளில் வேலை செய்து என்னைப் படிக்கவைத்தார். அதனாலோ என்னவோ, இந்த நாவலில் என் கண் வேலைக்காரர்களைத்தான் தேடியது. டார்சியின் நண்பர் பிங்லி வாடகைக்கு எடுத்த நெதர்ஃபீல்ட் வீட்டில் நடக்கும் நடனத்துக்கு முன்னால் விடாத மழை வருமே, நினைவிருக்கிறதா? பெண்களால் பக்கத்து ஊரான மெரிட்டனுக்கு நடந்து போக முடியவில்லை. ஷூவில் வைக்கும் ரிப்பன் பூவைக்கூட ஆள் அனுப்பித்தான் வாங்கினார்கள் என்று ஒரே வரி. அந்த மழையில் நனைந்தது யார்? பெயர் இல்லை. அந்த வரியை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "செருப்புப் பூவுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

பிங்லியின் சகோதரிகள் இருவரையும் சொல்ல வேண்டும். குடும்பத்தின் பணம் வியாபாரத்தில் வந்தது. அப்பா விட்டுப்போனது கிட்டத்தட்ட ஒரு லட்சம் பவுண்டு, ஆனால் சொந்த எஸ்டேட் இல்லை. அந்த இருவரும் மற்றவர்களின் குலத்தைத்தான் எடைபோடுகிறார்கள். புதுப் பணம் நிலமாக மாறத் துடித்த காலம் அதில் அப்படியே இருக்கிறது.

* * *

தம்பி, செருப்புப் பூ வரியை இரண்டு முறை படித்தும் நான் தவறவிட்டிருக்கிறேன். இன்று திரும்பப் போய்ப் பார்த்தேன்.

ஆஸ்டினுக்கு இதெல்லாம் கேள்விப்பட்ட விஷயம் இல்லை. 1805-இல் அப்பா இறந்ததும் அவரும் அக்காவும் அம்மாவும் பெரும்பாலும் சகோதரர்கள் கொடுத்த பணத்தை நம்பித்தான் இருந்தார்கள். 1809 முதல் குடியிருந்த சாட்டன் வீடும் அண்ணன் கொடுத்தது. 1813-இல் இந்த நாவல் வந்தபோது அட்டையில் அவர் பெயர்கூட இல்லை. பதிப்பாளரிடம் அவர் எதிர்பார்த்தது 150 பவுண்டு, கிடைத்தது 110, அதுவும் மொத்த உரிமைக்கும் சேர்த்து. அதை நாலு சதவீதத்தில் போட்டால் வருடத்துக்கு நாலரை பவுண்டுகூட வராது.