மறுமொழி: ‘மினிமலி இன்வேசிவ்’ – வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

ச. (மொழிபெயர்ப்பு):
அன்புடையீர், குறைமாதக் குழந்தைகளின் பெற்றோருக்கான ஒப்புதல் படிவம் வியாழனன்று அச்சுக்குப் போகிறது. பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் கருக்கால நாளம் பிறந்த சில நாட்களில் தானே மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் (மருத்துவர்கள் சொல்லும் பிடிஏ) தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கம்பிவலை அடைப்பானைப் பொருத்துகிறார்கள். இப்படிப் பெரிதாகக் கீறாமல் செய்வதை ஆங்கிலத்தில் ‘மினிமலி இன்வேசிவ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் இப்போதைக்கு ‘நுண்துளை அறுவை’ என்று எழுதியிருக்கிறேன்.

புலவர் ந.:
நுண் + துளை = நுண்டுளை. அதை முதலில் திருத்துங்கள். ‘நாளம்’ வடசொல். உட்டுளை உள்ள எதற்கும் நம்மிடம் ‘தூம்பு’ இருக்கிறது. புறநானூற்றின் 19ஆம் பாட்டு யானையின் கையைத் ‘தூம்புடைத் தடக்கை’ என்கிறது. தும்பி, தும்பிக்கை எல்லாம் இந்த வேர்தான் என்பது என் துணிபு. ஆகவே, ‘தூம்புவழி நுண்டுளைப் பண்டுவம்’.

மருத்துவர் இ.:
ஐயா, அது தலையாலங்கானத்துப் போர்க்களம். அந்தத் தடக்கை வெட்டுண்டு நிலத்தில் புரள்கிறது! ஒப்புதல் படிவத்துக்கு வேறு மேற்கோள் கிடைக்கவில்லையா?
என் சிக்கல் ‘அறுவை’. 1938இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் மார்பைத் திறந்து இந்த நாளத்தைக் கட்டினார். அது அறுவை. 1967இல் பெர்லினில் போர்ஸ்ட்மன் குழாய் வழியாகவே அடைத்தார். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிறிய அடைப்பானை 700 கிராம் குழந்தைக்கும் பொருத்தலாம். தொடையில் ஊசித்துளை மட்டுமே. ‘அறுவை’ என்று படித்ததும் பெற்றோர் “ஊரில் பெரியவர்களைக் கேட்டு வருகிறோம்” என்று எழுந்துவிடுகிறார்கள்.

க. (தமிழாசிரியர்):
‘மென்சிகிச்சை’ எனலாமா?

மருத்துவர் இ.:
கூடாது. அடைப்பான் இடம்பெயரலாம், பெருந்தமனியை நெருக்கலாம். அதை மறைக்கும் சொல்லில் கையெழுத்து வாங்க மாட்டேன்.

க.:
சரி. அந்த மெல்லிய குழாய்க்கு (கத்தீட்டர்) வழங்கும் ‘வடிகுழாய்’ மட்டும் வேண்டாம். வினைத்தொகையை விரித்துப் பாருங்கள்: வடித்த, வடிக்கின்ற, வடிக்கும் குழாய். முக்காலத்திலும் இதன் வேலை அதுவல்லவே! ‘செருகுகுழாய்’ பொருந்தும்.

வ. (யாழ்ப்பாணம்):
இங்கே ‘சத்திரசிகிச்சை’ என்றால் எவருக்கும் விளங்கும்.

புலவர் ந.:
விளங்கும். தமிழாக இராது.

வ.:
நோயாளி தமிழர்தானே, ஐயா?

ச.:
போதும், அச்சகத்தார் இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். பொதுச்சொல்லை ஒத்திவைக்கிறேன். செய்வதை அப்படியே சொல்லும் ‘குழாய்வழி நாள அடைப்பு’ படிவத்தில் போகிறது. மூவர் ஆதரவு, ஒருவர் மறுப்பு. செருகுகுழாயில் ‘செருகு’ பெற்றோரை உறுத்தும் என்று விட்டுவிட்டேன், க. பொறுத்துக்கொள்வாராக.

புலவர் ந.:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ‘குழல்’ என்ற சங்கச் சொல் இருக்க, ‘குழாய்’ எதற்கு? தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.