பார்வை நரம்பு அழற்சி: நம்ம ஊர்ல யாருக்காவது வந்திருக்கா?

டெல்டாக்காரி:
தங்கச்சிக்கு 26 வயசு. கண்ணை அசைச்சாலே வலின்னா. ரெண்டு நாள்ல வலது கண்ணுல மட்டும் மிளகாய்ப் பழம் சாயம் போன மாதிரி தெரியுதுன்னு சொன்னா. கண்ணாடிக் கடையில பவர் மாறியிருக்குன்னு அனுப்பிட்டாங்க. கண் டாக்டர் டார்ச் அடிச்சுப் பார்த்ததுமே நரம்பு வீங்கியிருக்குன்னுட்டார், ஆப்டிக் நியூரிடிஸாம். ராத்திரி கூகுள்ல தேடினா பாதிப் பேருக்கு எம்.எஸ். (மூளை, தண்டுவட நரம்போட உறையை உடம்பே தாக்குற மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ்) வரும்னு போட்டிருக்கு. அவ சாப்பிடவே இல்லை. நமக்கும் அதே கணக்குதானா?

லண்டன் பறவை:
தங்கச்சி, நான் இங்க கண் கிளினிக்கில வேலை செய்யிறன். அந்தப் பாதிக் கணக்கு அமெரிக்காவில 1988இல இருந்து 1991 வரைக்கும் ஆக்களைச் சேர்த்துச் செய்த ஆய்வில வந்தது. எல்லாரும் 18 தொடக்கம் 46 வயசு; முக்கால்வாசி பெண்கள், 85 வீதம் வெள்ளைக்காரர். 15 வருசத்தில பாதிப் பேருக்கு எம்.எஸ். வந்தது உண்மை. ஆனா முதல் ஸ்கானில மூளையில தழும்பு ஒண்டும் இல்லாத ஆக்களில 25 வீதம்தான். ஒண்டாவது இருந்தவையில 72. எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சோ? பூமத்திய ரேகைப் பக்கம் வர வர எம்.எஸ். குறைவு. இங்க எங்கட ஆக்களோ கறுப்பின ஆக்களோ வந்தால் எம்.எஸ். இல்லாத வேற வருத்தமோ எண்டு பார்க்க டொக்டர் ஆன்டிபாடி ரத்த டெஸ்டுக்கும் கையோட எழுதிக் குடுப்பார்.

நெல்லை அண்ணாச்சி:
அந்த டெஸ்டை விட்டுராதீங்க. எனக்கு ரெண்டு கண்ணும் அடுத்தடுத்து மங்கிச்சு. முதல் தடவை வெறும் ஸ்டீராய்டு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. சாதாரண டோஸ்ல மாத்திரை மட்டும் குடுத்தா திரும்ப வர்றது கூடும்னு லண்டன் பறவை சொன்ன அதே ஆய்வுலயே இருக்கு, அது எனக்குப் பின்னாடிதான் தெரியும். மறுபடி வந்தப்பதான் இன்னொரு டாக்டர் அக்வாபோரின்-4 ஆன்டிபாடி பார்த்தாரு. பாசிட்டிவ். எனக்கு எம்.எஸ். இல்லை, என்.எம்.ஓ.ன்னு கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குற வேற நோய். எம்.எஸ்.ஸுக்குப் போடுற சில மருந்து இதைக் கிளப்பி விட்டுரும், அதனால ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும். கரீபியன் கடல்ல இருக்கிற மார்டினீக் தீவுல லட்சத்துக்கு 10 பேருக்கு இது இருக்காம். அங்க பெரும்பாலும் கறுப்பின மக்கள். வெள்ளைக்காரங்க நிறைஞ்ச அமெரிக்க ஓம்ஸ்டெட் கவுண்டியில 4கூட இல்லை. யாரைக் கேட்டு எண்ணுறோம்கிறதைப் பொறுத்துத்தான் எண்ணிக்கை. அந்த ஆன்டிபாடி உள்ளவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் பொம்பளைங்க. மீதி ஒருத்தன் நான்! இப்ப திரும்ப வராம இருக்க ரிட்டுக்சிமாப் மருந்து போடுறேன், கடை கணக்கு நானே பார்க்கேன்.

டெல்டாக்காரி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணாச்சி. மூளை எம்.ஆர்.ஐ. சுத்தமா இருக்குன்னு வந்திருக்கு. டாக்டர்கிட்ட கேட்டேன், அக்வாபோரினோட மாக்-ன்னு (MOG) கண் நரம்பைத் தாக்குற இன்னொரு ஆன்டிபாடியும் சேர்த்து ரத்தம் எடுத்துட்டாங்க, ரிசல்ட் வரணும். இன்னைக்கு ஸ்டீராய்டு டிரிப் ஏத்துறாங்க. வாயெல்லாம் இரும்பு கடிச்ச மாதிரி இருக்காம், எதைக் குடுத்தாலும் துப்புறா. அதுக்கு நீங்க என்ன பண்ணீங்க அண்ணாச்சி?