அரிசி ஆலைக் களஞ்சிய வேலை: முதலாளிக்குத் தவிர்க்க முடியாத ஆளாவது எப்படி?

சம்மாந்துறையான்:
அரிசி ஆலையொன்றில் களஞ்சியக் கணக்குப் பார்க்கிறேன். வரவு, செலவு, மூட்டை எண்ணிக்கை எல்லாம் ஒழுங்காக எழுதுகிறேன். ஆனால் அதை வேறு ஆளும் எழுதலாம்தானே? நானாக யோசித்துப் புதிதாக ஏதாவது செய்ய ஆசை. எதில் கைவைக்கலாம்?

வயல்வெளி:
ஈரப்பதனில் கைவையுங்கள் தம்பி. 18% ஈரமுள்ள நெல் 10,000 கிலோவை 14% வரை காயவைத்தால் எவ்வளவு மிஞ்சும்? பலரும் 4% கழித்து 9,600 என்று எழுதிவிடுவார்கள். பிழை. ஈரம் போக அதில் இருப்பது 8,200 கிலோ. காய்ந்த பிறகு அதுதான் மொத்த நிறையில் 86%. 8,200ஐ 0.86ஆல் பிரித்தால் 9,535. இடையில் குறைகிற 65 கிலோவுக்குத்தான் காவலாளியில் சந்தேகம் விழுவது! லொறிக்கு லொறி வாங்கிய நிறை, வாங்கிய ஈரம், காய்ந்த பிறகுள்ள ஈரம், வரவேண்டிய நிறை, வந்த நிறை என்று எக்செலில் ஐந்து நிரல் போடுங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால் அதுதான் உண்மையான இழப்பு. மேல் மூட்டையில் மட்டும் அளந்தால் எல்லாமே வீண். பல மூட்டைகளிலும் குத்தியெடுத்துக் கலந்து அளக்க வேண்டும்.

மில்_மெக்கானிக்:
அதோடு குறுணலையும் பாருங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் 100 கிராம் அரிசி எடுத்து, உடைந்ததைப் பொறுக்கி நிறுத்து எழுதுங்கள். திடீரென்று கூடினால் உடனே மெஷினைக் குறைசொல்லாதீர்கள். காய்ந்த நெல் ரோட்டிலேயே கிடந்து இரவுப் பனியில் நனைந்து மறுநாள் வெயிலில் காய்ந்தால், மணிக்குள் வெடிப்பு விழும். அது எந்த மெஷினிலும் உடையும். நெல்லில் பிழையில்லை என்றால் உமி நீக்குகிற இரண்டு ரப்பர் ரோல்களையும் பாருங்கள். வேகமாகச் சுற்றுகிற ரோல் முதலில் தேயும். இரண்டையும் நேரத்துக்கு இடம் மாற்றினால் சமமாகத் தேய்ந்து கூடக் காலம் உழைக்கும்.

கல்லடி_வாசி:
ஒன்று சொல்லட்டா? எல்லாவற்றையும் தன் தலைக்குள் வைத்திருப்பவருக்கு லீவும் கிடைக்காது, மேல் பதவியும் கிடைக்காது. முறையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக நெல் வந்து குவியும்போது முதலாளியிடம் போகவே வேண்டாம், எரிச்சல்தான் வரும். சந்தடி குறைந்த பிறகு, ஒரு லொறிக்கு மட்டும் செய்து பார்க்கிறேன் என்று கேளுங்கள். "இத்தனை கிலோ, இத்தனை ரூபாய்" என்று ஒரே வரியில் முடிவைச் சொல்லுங்கள். மெஷின்காரர் உதவியிருந்தால் அவர் பெயரையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாதிரி எடுக்க அடுத்த முறை விடமாட்டார்.

சம்மாந்துறையான்:
நன்றி. எங்களிடம் இருக்கிற இரண்டு ஈர மீற்றரும் வேறு வேறாகக் காட்டுதே?

வயல்வெளி:
உலர்த்தியிலிருந்து வந்த சூட்டோடு அளக்கிறீர்களா? ஆறவிட்டு, பதர் நீக்கி, ஒரே மாதிரியை இரண்டிலும் மூன்று தடவை போட்டுச் சராசரி எடுங்கள். அப்படியும் வித்தியாசம் நின்றால், அதே மாதிரியைக் காற்றுப் புகாத பையில் கட்டி, சரிபார்த்த மீற்றர் உள்ள இடத்தில் அளந்து ஒப்பிடுங்கள். அதுவரை வாங்கவும் விற்கவும் ஒரே மீற்றரைப் பாவியுங்கள்.